சிகையும் சீருடையும் ஒழுக்கமும்

பள்ளிக்கூடம் என்பது எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் தோன்றவேண்டிய இடம் என்றும், தோற்றத்தில் ஒருமை வந்துவிட்டால் மனத்தில் சமத்துவமும் நடத்தையில் ஒழுக்கமும் தாமாகவே வந்து சேரும் என்றும், ஆகையால் சட்டையின் நீளத்தையும் காற்சட்டையின் இறுக்கத்தையும் தலைமுடியின் அளவையும் கண்டிப்புடன் கண்காணிப்பதே நல்ல தலைமையாசிரியருக்கு முதற்கடமை என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. மதுரைத் தல்லாகுளத்திலும் அதையடுத்த கோரிப்பாளையம், நரிமேடு, சொக்கிகுளம் பகுதிகளிலும் பள்ளிகளுக்குக் குறைவில்லை. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நால்வர் கூடிப் பேசும் இடத்தில், “அங்கே கண்டிப்பு அதிகம், முடி கொஞ்சம் வளர்ந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்” என்பதே ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் முதல் பாராட்டாக இருக்கிறது. இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம் பிள்ளை உருப்படவேண்டும் என்னும் தவிப்பில் சொல்கிறார்கள். அந்தத் தவிப்பை மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து பிறந்த இந்த அபிப்பிராயம் தவறானது என்றும், அது நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓயாத அவமானத்தை உண்டாக்குகிறது என்றும், சமத்துவத்தின் பெயரால் பாரபட்சத்தையே வளர்க்கிறது என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சீருடைக்கு நான் விரோதியல்லேன். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, பொதுமக்கள் மனமுவந்து தந்த பொருளைக் கொண்டு பள்ளிகளுக்கு வேண்டியவற்றையும் ஏழைப் பிள்ளைகளுக்கு உடையையும் தேடித்தந்தது இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் பெருமைக்குரிய ஓர் அத்தியாயம். கிழிந்த சட்டைக்கு நாணி வீட்டிலேயே தங்கிவிடும் பிள்ளையைப் பள்ளிக்குள் அழைத்து வருவதற்காகவே அந்தச் சீருடை பிறந்தது. இன்றும் அரசு, சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை தருகிறது. அந்தத் துணி ஒரு கொடை. இல்லாதவனுக்குக் கொடுத்து அவனை உள்ளே சேர்ப்பது அதன் தர்மம். அதே துணியையும் அதனோடு ஒட்டிவந்த சிகை விதிகளையும் கொண்டு ஒரு பிள்ளையை வாயிலில் நிறுத்தி வைப்பதும், வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தலையைக் குனியச்செய்வதும், முடிதிருத்துபவரைப் பள்ளிக்கே அழைத்துவந்து வரிசையில் உட்காரவைப்பதும் அந்த ஆதி நோக்கத்தையே தலைகீழாக்கிய செயல்கள்.

தோற்றத்தின் ஒருமை சமத்துவத்தைத் தரும் என்பது எதிர்க்கட்சியாரின் முதல் வாதம். இதற்கு விடை நாங்குநேரியில் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்துவந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன், தன் வீட்டுக்குள்ளேயே, தன்னோடு படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த அவனுடைய தங்கையும் வெட்டுண்டாள். அதற்குமுன் அவன் தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பள்ளியில் முறையிட்டிருந்தான். வெட்டியவர்களும் வெட்டுண்டவனும் ஒரே பள்ளியின் ஒரே சீருடையை அணிந்து, ஒரே மணிக்குக் கீழ்ப்படிந்து வகுப்புக்குச் சென்றுவந்தவர்கள். சீருடையின் நிறம் ஒன்றாயிருந்ததால் அவர்கள் உள்ளத்திலிருந்த சாதியின் நிறம் ஒரு துளியும் வெளுத்துவிடவில்லை. துணியால் சமத்துவம் நெய்யப்படும் என்றால் அது அந்த வகுப்பறையில் நெய்யப்பட்டிருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைக் காவல் காத்துக்கொண்டே, கண்முன் நடந்த கொடுமையை நாம் காணத் தவறினோம் என்பதே அந்தச் சம்பவம் தரும் பாடம்.

அதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் தத்தம் சாதியைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவிக் கயிறுகளைக் கையில் கட்டிக்கொண்டு, விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதிலும் இடைவேளையில் கூடுவதிலும் அவற்றைக் கொண்டே இனம் பிரிகிறார்கள் என்று அறிந்து, பள்ளிக் கல்வி இயக்குநர் 2019 ஜூலை 31ஆம் நாள் அதைத் தடுக்கச்சொல்லி ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சில நாட்களுக்குள் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. இது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் அன்றைய கல்வி அமைச்சர் அறிவித்தார். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குக் கீழாக நிறுத்தும் கயிற்றைத் தொடுவதற்கு அரசாங்கமே தயங்கிப் பின்வாங்கிய அதே நாட்டில், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத நெற்றிமுடியை வெட்டுவதற்கு ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் கத்தரிக்கோல் எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருப்பதில்லை. கயிற்றுக்குப் பின்னால் ஓர் ஊரே திரண்டு நிற்கிறது; முடிக்குப் பின்னால், காலையில் வேலைக்குப் போனால் இரவில் திரும்பும் ஒரு தாயைத் தவிர வேறு யாரும் இல்லை. நம் பள்ளிகளின் கண்டிப்பு எங்கே குழைகிறது, எங்கே இறுகுகிறது என்பதை இந்த வேற்றுமை ஒன்றே பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது.

உடையையும் சிகையையும் கொண்டு மனிதரை அவரவர் இடத்தில் நிறுத்திவைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காக ஒரு தலைமுறைக்குமேல் போராடியதையும், 1859இல் வெளிவந்த பிரகடனம் அந்த உரிமையை வழங்கியபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் அணிவதைப்போல் மட்டும் அணியக்கூடாது என்று ஒரு வேலியை மிச்சம் வைத்ததையும் நாம் மறக்கலாகாது. இன்னும் அருகில், அன்று நமக்கு அண்டை மாவட்டமாயிருந்த இராமநாதபுரத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது 8 தடைகளை விதித்தனர். இந்தியச் சாதிமுறையைப் பற்றி ஹட்டன் எழுதிய நூலில் அவை வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. சட்டையோ பனியனோ போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையும் தாவணியும் அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆண்கள் தலைமுடியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொள்ளக்கூடாது. மறுவருடம் அந்தத் தடைகள் 11ஆகப் பெருகியபோது, ஆதிதிராவிடரின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இந்தப் பட்டியலை நிதானமாக எண்ணிப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறேன். அன்று கிராப்பு வைத்தது குற்றம். இன்று கிராப்பு வைக்காதது குற்றம். விதியின் பொருள் முற்றிலும் நேர்மாறாக மாறிவிட்டது. ஆயினும் ஆணையிடும் கை எந்தத் திசையிலிருந்து நீளுகிறது, குனியும் தலை யாருடையது என்பது பெரும்பாலும் மாறவில்லை. சிகை விதியின் உயிர், அழகிலோ சுத்தத்திலோ இல்லை. மற்றொருவன் உடல்மீது எனக்கு அதிகாரம் உண்டு என்று நாட்டுவதில்தான் இருக்கிறது. தோற்றத்தைப் பற்றிய தடையும் கல்வியைப் பற்றிய தடையும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயலன்று. தன் உடம்பைத் தன்னுடையதென்று எண்ணத் துணிகிறவன் நாளை அறிவையும் தன்னுடையதென்று கேட்பான் என்பது அந்தத் தடைகளை விதித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தோற்றமே குணத்தின் அறிகுறி என்பது இரண்டாவது வாதம். பக்கவாட்டில் சிரைத்து உச்சியில் முடி வளர்த்தவன், புருவத்தில் கோடு போட்டவன், காற்சட்டையைக் கணுக்காலுக்குமேல் குறுக்கித் தைத்தவன் ஆகியோரைப் ‘புள்ளிங்கோ’ என்று ஒரு பெயரிட்டு, இவர்கள் நாளைய ரவுடிகள் என்று இன்றே தீர்ப்பெழுதிவிடுகிறோம். இந்தப் பெயர் யாருடைய பிள்ளைகளைச் சுட்டுகிறது? குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகளில் வளரும் பிள்ளைகளையும், சுமை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், துப்புரவுப் பணி செய்கிறவர் ஆகியோரின் பிள்ளைகளையும் சுட்டுகிறது. அதே முடியை உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளியில் படிக்கும் ஒரு பையன் வளர்த்தால் அது பருவத்தின் ஆசை என்று மன்னிக்கப்படுகிறது.

தோற்றத்தையும் பிறப்பையும் கொண்டு குற்றத்தை முன்னறிவது எத்தகைய அநியாயம் என்பதை மதுரைச் சீமையைவிட நன்றாக அறிந்த சீமை வேறு இருக்கமுடியாது. 1871இல் வெள்ளை அரசாங்கம் இயற்றி, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பிரயோகித்த குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றம் செய்யாத மனிதனையும் பிறந்த குலம் ஒன்றுக்காகவே ரேகை வைக்கச்செய்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். 1947இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலிருந்து நீக்கப்பட்டபோது, செய்த செயலுக்கன்றி இருக்கும் நிலைக்காக யாரையும் தண்டிக்கலாகாது என்னும் தர்மத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். அந்தத் தர்மம் பள்ளிவாயிலோடு நின்றுவிடலாமா? பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையைப் பார்த்து அவனைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்துவது, நம் பாட்டனாருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நம் கையாலேயே பேரப்பிள்ளைக்கு இழைப்பதாகும்.

விதி எல்லார்க்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கும்போது பாரபட்சம் எங்கே வந்தது என்பது மூன்றாவது வாதம். உலகத்து நீதிமன்றங்கள் சில இந்த வாதத்தை ஆராய்ந்து நிராகரித்திருக்கின்றன. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பள்ளி ஒன்று, தலைப்பாகையை நீக்கி முடியை வெட்டிக்கொண்டாலன்றிச் சேர்க்கமாட்டோம் என்று ஒரு சீக்கியச் சிறுவனிடம் சொல்லிற்று. விதி எல்லா மாணவர்க்கும் ஒன்றே என்பது தலைமையாசிரியரின் வாதம். ஒரு சமூகத்தார் தம் மரபைக் கைவிடாமல் கீழ்ப்படிய முடியாத விதி, பார்வைக்குப் பொதுவாயிருப்பினும் பாரபட்சமே என்று 1983இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து வழக்கு. அங்கே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவி மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தாள். நகை விதிக்கு மாறானது, கழற்று என்றது பள்ளி. வயது வந்த பெண்ணுக்குப் பாட்டி மூக்குத்தி அணிவிப்பது தங்கள் குடும்பத்தின் வழக்கம் என்றார் தாய். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை சென்று, 2007 அக்டோபர் 5ஆம் நாள் தலைமை நீதிபதி பயஸ் லங்கா தீர்ப்புரைத்தார். மூக்குத்தி மதத்தின் கட்டாயமா என்பது கேள்வியன்று. ஒருவர் தாமே விரும்பிக் கைக்கொண்ட பண்பாட்டு வழக்கமும் பாதுகாப்புக்கு உரியதே. ஒரு மூக்குத்தியால் பள்ளியின் ஒழுங்கு குலைந்துவிடாது. மறுத்தது நியாயமற்ற பாரபட்சம் என்பதே அதன் சாரம். கடல்கடந்து போன தமிழ்ப் பெண் ஒருத்திக்குக் கிடைத்த அந்த மரியாதை, தாய்நாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? 2022இல் கர்நாடகத்தில் தலையில் முக்காடு அணிந்த பெண்கள் கல்லூரி வாயிலில் நிறுத்தப்பட்டபோது, அது மதத்தின் இன்றியமையாத அங்கமா என்று ஆராய்ந்து உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினர். அவர்களுள் நீதிபதி சுதான்ஷு துலியா, அந்தப் பெண்ணின் கல்வியையே முதன்மையாக வைத்து நோக்கினார். பள்ளிகள் பின்பற்றத்தக்க நோக்கு அதுவே என்பது என் துணிபு.

விலக்குக் கொடுத்தால் ஒழுங்கு அழியும் என்பார்க்கு, நம் பள்ளிகளே நாள்தோறும் விலக்குக் கொடுக்கின்றன என்பதை நினைவூட்டுகிறேன். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலையிட்ட மாணவன் துளசிமணியோடும் மழிக்காத முகத்தோடும் செருப்பில்லாத காலோடும் வகுப்பில் வந்து உட்காருகிறான், யாரும் அவனைத் தடுப்பதில்லை, தடுக்கவும் வேண்டாம். அழகருக்கு முடி நேர்ந்து வளர்த்து, அவர் தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடி வைகையில் இறங்கும் திருநாளில் மொட்டையடித்துக்கொள்ளும் பிள்ளையை நம் மக்கள் வணக்கத்தோடு பார்க்கிறார்கள். இந்த விலக்குகளால் எந்தப் பள்ளியும் இடிந்து விழவில்லை. ஆகவே, விலக்குக் கொடுக்க முடியுமா என்னும் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. மீதமிருப்பது, அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதே. பெரும்பான்மையோர் அறிந்து மதிக்கும் விரதத்துக்கு இடமும், சிறுபான்மையோரின் அனுஷ்டானத்துக்குச் சந்தேகமும், ஏழையின் ஆசைக்குத் தண்டனையும் என்று பங்கிடப்படும் ஒழுங்கைப் பொதுவிதி என்று அழைப்பது உண்மைக்குப் பொருந்தாது.

இப்போது எதிர்க்கட்சியாரின் வாதங்களுள் வலிமை மிக்கதற்கு வருகிறேன். பண்பாட்டின் பெயரால் ஒன்றை அனுமதித்தால், அந்த வாயில் வழியாகவே சாதிக் கயிறும் நுழைந்துவிடாதா என்கிறார்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை விலக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றிய அளவில் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். சாதிக் கயிறு பண்பாட்டின் வெளிப்பாடன்று. அது ஒரு மிரட்டல். அதைக் கட்டியவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பற்றி, அவன் தனக்குக் கீழானவன் என்று சொல்கிறான். மூக்குத்தியோ முக்காடோ தலைப்பாகையோ துளசிமணியோ பக்கத்திலிருக்கும் பிள்ளையைத் தாழ்த்துவதில்லை. ஆகையால் அளவுகோல் கடினமானதன்று: ஓர் அடையாளம் பிறரை அச்சுறுத்துமானால், அல்லது பிறருக்குக் கீழ்மை கற்பிக்குமானால், பள்ளி அதை விலக்கலாம், இல்லையேல் அதைத் தொடும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. இந்த அளவுகோலின்படி, பக்தியால் இட்ட திருநீற்றையும் ஆதிக்கத்தால் கட்டிய கயிற்றையும் ஒரே தடையில் சேர்த்தது அந்த அறிக்கையின் குறை என்றே கருதுகிறேன். ஆயினும் நெற்றிக்குறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் தூற்றியவர்கள், அதிலிருந்த ஆழ்ந்த பரிந்துரைகளை மக்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, அகரவரிசையில் மாணவரை அமர்த்தவேண்டும், வட்டாரத்தில் ஆதிக்கம் பெற்ற சாதியைச் சேர்ந்தவரையே அங்கு தலைமையாசிரியராக அமர்த்தக்கூடாது என்றெல்லாம் அது சொல்லியிருக்கிறது. சாதியின் வேர் ஆசிரியர் அறையிலும் அலுவலகத்திலும் ஓடுவதைக் கண்டு எழுதப்பட்டவை அவை.

வெளி ஒழுங்கு உள்ளொழுக்கத்தை வளர்க்கும் என்பாருக்கு விடை நம் தல்லாகுளத்தருகிலேயே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதி இல்லத்தில் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். அக்காலத்துக் கனவான்களின் உடை மரியாதைப்படி அது ஒழுங்கீனம். அந்த ஆடையோடுதான் 1931இல் அவர் ஆங்கில மன்னரின் அரண்மனைக்குள்ளும் நடந்தார். அவர் இறுதியாக அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணியைத் தமுக்கத்துக் காந்தி அருங்காட்சியகத்தில் வைத்து, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச்சென்று காட்டுகிறோம். தானே உணர்ந்து ஏற்கும் கட்டுப்பாடே ஒழுக்கம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். பிறர் அச்சுறுத்தித் திணிக்கும் கட்டுப்பாடு அந்த அச்சம் விலகும்வரைதான் நிற்கும். பள்ளியின் கடைசி மணியோடு அதுவும் முடிந்துவிடும்.

உபாத்தியாயர்களின் சங்கடத்தை நான் அறியாதவனல்லேன். அறுபது பிள்ளைகள் நெருங்கிய வகுப்பில், பெற்றோர் ஒருபுறமும் அதிகாரிகள் மறுபுறமும் நெருக்க, தம் சொல்லுக்கு மதிப்புக் குறைந்து வருவதாக அவர்கள் வருந்துவது நியாயமே. ஆனால் கத்தரிக்கோல் மதிப்பைத் தேடித்தராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் ஒருசேரத் தடுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர் ஒருவரின் தலையை வலிந்து மழிப்பதை மனித கண்ணியத்துக்கு இழுக்கான குற்றமாக எண்ணுகிறது. தெருவில் கண்ணியக் குறைவு என்று நாடாளுமன்றம் கண்ட ஒரு செயலுக்கு, பள்ளி மைதானத்தில் நடக்கும்போது நல்லொழுக்கம் என்று பெயரிடலாகாது.

தண்டனை யார்மீது விழுகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, 2013–14 கல்வியாண்டில் பொதுப்பள்ளி மாணவருள் கறுப்பினப் பிள்ளைகள் 15.5 விழுக்காடாயிருக்க, இடைநீக்கம் செய்யப்பட்டவருள் அவர்கள் 39 விழுக்காடாயிருந்தனர் என்று காட்டிற்று. பணக்காரப் பள்ளியிலும் ஏழைப் பள்ளியிலும் இந்த ஏற்றத்தாழ்வு காணப்பட்டது. எண்ணிப் பார்த்ததால்தான் அந்நாட்டாருக்கு அநீதி கண்ணுக்குப் புலப்பட்டது. கலிபோர்னியா தொடங்கிப் பல மாகாணங்கள் 2019 முதல் சிகையைக் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்வதைச் சட்டத்தால் தடுத்தன. நம் பள்ளிகளிலும் எண்ணிப் பார்க்கவேண்டும். எந்தப் பிள்ளை, என்ன காரணத்துக்காக, யாரால், எவ்வாறு தண்டிக்கப்பட்டான் என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு பதிவேடு வைத்து, ஆண்டுதோறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் படிக்கட்டும். கழிப்பறை கழுவ யார் அனுப்பப்பட்டார்கள், வாயிலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பது அதில் தெரியட்டும்.

தல்லாகுளத்துப் பெற்றோரிடமும் தலைமையாசிரியர்களிடமும் நான் வேண்டுவது இவ்வளவே. சாதிக் கயிற்றைத் தயங்காமல் அவிழ்த்துவிடுங்கள். அதற்கு எந்த ஊர் திரண்டு வந்தாலும் அஞ்சாதீர்கள். சுத்தமாக வரச்சொல்லுங்கள், நேரத்துக்கு வரச்சொல்லுங்கள், அடுத்த பிள்ளையை இழிவாகப் பேசியவனை அழைத்துத் திருத்துங்கள். ஆனால் முடிக்காகவும் மூக்குத்திக்காகவும் முக்காட்டுக்காகவும் ஒரு பிள்ளையின் ஒரு பாடவேளையைக்கூடப் பறிக்காதீர்கள். வாயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளை இழப்பது கல்வியை. அந்த இழப்பை ஈடுசெய்யத்தக்க ஒழுங்கு எந்தப் பள்ளி விதியிலும் இல்லை.